நான்குக்கும் ஐந்துக்கும் நடுவிலுள்ள சுவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் நீங்களே கண்டுபிடித்து என்னைக் கேவலமாக நினைப்பீர்கள். ஒட்டுக்கேட்டதில் வந்தது. வேண்டுமென்று கேட்கவில்லை. நான் அமைதியாக்கிய கப்பலில், நான் உட்கார்ந்திருந்த கேபினில், பக்கத்துக் கேபின்காரர்கள் பேசியது காதில் விழுந்தது. அவர்கள் பேசியது என்னைப் பற்றி.

[“நான் அமைதியாக்கிய” என்பதில் கொஞ்சம் பெருமை தட்டுகிறது. அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். இந்தக் கதையில் நான் பெருமைப்பட வேறு இடம் கிடையாது.]

என் பெயர் தின்கோ. ரியேகா வளைகுடாவில் ஒரு கப்பல் கட்டும் யார்டில் இன்ஜினியர். கப்பலின் அதிர்வையும் சத்தத்தையும் குறைப்பது என் வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வந்திருக்கின்றன. மற்றதையெல்லாம் நானே வாசித்துக் காட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை மதியம், யார் வீட்டில் சாப்பிடுகிறேனோ அந்த வீட்டில், சாப்பாடு முடிந்ததும்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

“கடல் அன்று ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல”

இதோடு நிறுத்திவிட்டேன். கப்பல் கதை என்றாலே கடலில் தொடங்கத் தோன்றுகிறது. யார்டுக்காரனுக்குக் கடல் என்பது கட்டிய கப்பலைக் கொண்டுபோய் இறக்கிவிடும் இடம், அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்:

“ஐந்தாம் கேபினில் படுத்திருந்த சமையல்காரி மார்த்தா, சுவருக்கு அப்பால் தன் பெயரைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தாள்.”

இதை நான்கு பக்கம் வரைக்கும் ஓட்டினேன். மார்த்தா என்று ஒருத்தி கிடையாது. எனக்குப் பதில் அவள் அவமானப்படட்டும் என்று உண்டாக்கினேன். உங்களுக்கு இரக்கம் வரட்டுமென்று ஒரு காலைக் கொஞ்சம் நொண்டவும் வைத்தேன். ஆனால் அவள் என் சொல்பேச்சு கேட்கவில்லை. தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்ததும் சுவரை ஓங்கிக் குத்தி, “இங்க ஒரு மனுஷி இருக்கேன்டா, வெட்கங்கெட்டவங்களா!” என்று கத்தினாள். எழுதிக்கொண்டிருந்த நானே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நான் அப்படிச் செய்யவில்லை. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அதனால் மார்த்தாவை அனுப்பிவிட்டேன். தவிர, நடந்தது நண்பகலில். நண்பகலில் எந்தக் கப்பலில் சமையல்காரி படுத்துக்கிடக்கிறாள்?

சரி, நானே வருகிறேன்.

3

இந்த இடத்தில் என் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். (இங்கேதான் யோசோவின் மாமியார் தூங்கிப்போவாள். அது பிறகு வருகிறது.)

கப்பல் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. அடியில் இன்ஜின் ஓடினால் மேல்தளத்தில் காப்பிக் கோப்பைக்குள் கரண்டி கிணுகிணுக்கும். சத்தம் காற்று வழியாக வருவதைவிட இரும்பு வழியாகத்தான் அதிகம் வருகிறது. தளத்தின் தகடு நடுங்கும், நடுங்கும் தகடு தானும் ஒரு ஸ்பீக்கர் போல முழங்கும். நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், அந்தத் தகட்டின்மேல் ரப்பர் மாதிரி ஒரு பொருளை ஓடு ஓடாக ஒட்டி, அதன்மேல் மெல்லிய இரும்புத் தகட்டைப் போட்டு மூடுகிறோம். அடித்தகடு நெளியும்போது நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபடும். இழுபட்டுக் கொஞ்சம் சூடாகும். நடுக்கமெல்லாம் அந்தச் சூட்டிலேயே தீர்ந்துபோகும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம், யாரும் பொத்தானை அமுக்க வேண்டாம். சும்மா ஒட்டிக்கொண்டு கிடப்பதுதான் அதன் வேலை.*

* இதை என் மனைவி நெவெங்காவிடம் கல்யாணமான புதிதில் விளக்கினேன். ரொம்ப வருஷம் கழித்து, ஒரு சண்டையின் நடுவே, அவள் அதையே திருப்பிச் சொன்னாள்: “நீயும் அந்த ரப்பர்தான். என்ன சொன்னாலும் உள்ள வாங்கிக்குவே, கொஞ்சம் சூடாவே, வெளிய ஒரு சத்தமும் வராது. எனக்குச் சத்தம் வேணும்டா, தின்கோ.” பிறகு ஜெர்மனிக்கு முதியோர் இல்ல வேலைக்குப் போனாள். குளிர்காலம் முடிந்ததும் வருவதாகச் சொன்னாள். மூன்று குளிர்காலம் முடிந்துவிட்டது. [இந்தக் குறிப்பு தேவையா? தேவை. அவள் போனதால்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தொடங்கியது.]

ஓடு ஒட்டுகிற குழுவுக்கு மேஸ்திரி லியூபோ. என் கல்யாணத்தில் எனக்குச் சாட்சியாக நின்றவன். எங்கள் பக்கத்தில் அப்படி நின்றவன் கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். அவன் வீட்டில் எது எரிந்தாலும் நான் அணைக்கப் போக வேண்டும், என் வீட்டில் எது இடிந்தாலும் அவன் தாங்க வர வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

அவன் குழுவோடு எப்போதும் இருக்கிற இரண்டு பேர்: எலக்ட்ரீசியன் யோசோ, பெயின்டர் காஷ்பர். இந்தக் கதைக்கு இவ்வளவு ஆட்கள் போதும்.

4

யார்டு ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ரகசியம் பேச வேண்டுமென்றால் ஓடுகிற கப்பலுக்குள் போய்ப் பேசுவார்கள். அதுவும் தொண்டை கிழியக் கத்திப் பேசுவார்கள். கத்தினால்தான் எதிரில் இருப்பவனுக்கே கேட்கும், ஒரு சுவர் தள்ளி இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது. மேனேஜரைத் திட்டுவது, அடுத்தவன் மாமனாரைக் கிண்டல் செய்வது, சம்பளம் உயர்த்தப் போராடலாமா என்று கலந்து பேசுவது எல்லாம் சோதனை ஓட்டத்தில்தான். கரையில் வாயை மூடிக்கொண்டு இருந்தவனெல்லாம் இன்ஜின் முழுவேகம் எடுத்ததும் வாயைத் திறப்பான். நானும் அப்படித்தான். நெவெங்கா திரும்பி வரமாட்டாள் என்பதை லியூபோவிடம் நான் முதன்முதலாகச் சொன்னது, இதற்கு முந்தைய கப்பலின் இன்ஜின் அறைக்கு மேலே நின்று, அவன் காதுக்குள் கத்தித்தான்.

இந்தப் புதுக் கப்பல் தீவுகளுக்குப் போய்வரும் பயணிகள் படகு. மாலுமிகளின் கேபின்கள் இன்ஜினுக்கு நேர் மேலே. முந்தைய கப்பல்களில் அந்த இடத்தில் தூங்கினால் பல் ஆடும். இந்த முறை அந்தக் கேபின்களின் தரை முழுக்க ஓடு ஒட்டினோம். லியூபோவும் நானும் ஒரு கோடைக்காலம் பூராவும் முழங்காலில் தவழ்ந்தோம். விதிப்படி அந்தக் கேபினில் அறுபது டெசிபல் வரைக்கும் இருக்கலாம். சோதனை ஓட்டத்தின் இரண்டாம் நாள், முழுவேகத்தில், ஐந்தாம் கேபினில் மைக்கை நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். கருவி நாற்பத்தேழு காட்டியது.

நான் அழுதுவிட்டேன் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். பொய். ஆனால் மனசுக்குள் துள்ளினேன். கண்ணை மூடிக் கேட்டேன். தூரத்தில் யாரோ தேன்கூட்டை வைத்துக்கொண்டு நிற்பது போல ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான் இன்ஜின்.

அப்போதுதான் நான்காம் கேபினுக்குள் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். மரெந்தா நேரம், பத்தரை மணிச் சாப்பாட்டை அன்று தாமதமாகச் சாப்பிட வந்தார்கள். நான் மேல்தளத்தில் அளந்துகொண்டிருப்பதாக நினைத்திருக்கிறார்கள். பல வருஷப் பழக்கம், மூன்று பேரும் கத்திப் பேசினார்கள்.

5

கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். கெட்ட வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

“இந்த ஞாயிறு யாரு முறை?” இது காஷ்பர்.

“யோசோவுது.”

“என்னுது இல்ல சாமி! போன மாசமே ரெண்டு தடவ எடுத்தேன். ஈஸ்டருக்கு யாரு எடுத்தா? நான்தான். ஈஸ்டர ரெண்டா வச்சுக்கணும்.”

“அன்னிக்கிக் கதை சின்னதுடா. அது ஒண்ணாத்தான் வரும்.”

“சின்னதா? அவன் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பன்னித்தொடை காஞ்சு கருவாடாப் போச்சு. எங்க மாமியா தூங்கிட்டா. தூங்கினவள எழுப்பி, முடிவுல என்ன ஆச்சுன்னு தனியா சொல்லிட்டுப் போனான்!”

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் புன்னகைத்தேன். உண்மையாகவே புன்னகைத்தேன். வீடு வீடாக முறைவைத்துச் சாப்பாடு போடுகிறார்களே, இவர்கள் யாரோ வயதான பாதிரியாரைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பாதிரியாரும் கதை சொல்வார் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

“தின்கோவ அப்படிச் சொல்லாதீங்கடா” என்றான் லியூபோ. “பாவம், தனியாக் கெடக்கான். நெவெங்கா போனப்ப நாம என்ன பேசிக்கிட்டோம்?”

கருவியில் எண் ஏறியது. என் பெயரைச் சொன்னபோது ஐம்பத்திரண்டு. விதிப்படி அறுபது வரைக்கும் போகலாம். என்னைப் பற்றிய பேச்சு அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது.

“ஒரு வருஷம்னுதான பேசிக்கிட்டோம்” என்றான் காஷ்பர். “அதுக்குள்ள எவளையாவது பாத்துக்குவான்னு நெனச்சோம். எங்க பாக்கறான்? உக்காந்து கதை எழுதறான். எம் பொண்டாட்டி சொல்லிட்டா, சோறு போடறேன், காது குடுக்க முடியாதுன்னு.”

“சரி சரி, விடு” என்றான் லியூபோ. “இந்த வாரம் நானே எடுத்துக்கறேன். தோன்கா கத்துவா. கத்தட்டும். ஆனா ஒண்ணு. இது அவன் காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா அந்த ஆளு செத்துடுவான்.”

“நாம ஏன்டா சொல்லப்போறோம்?” என்றான் யோசோ. “அந்தக் கடுகுக் குப்பிய இங்கத் தள்ளு.”

6

சாகவில்லை, பார்த்தீர்களா. உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் என்ன ஆனது என்று எழுத வார்த்தை அகப்படவில்லை. “அவமானம்” என்று எழுதி அடித்தேன். அவமானம் என்றால் யாரோ அவமதித்திருக்க வேண்டும். இவர்கள் மூன்று வருஷமாக எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். “வெட்கம்” என்று எழுதினேன். அது பக்கத்தில் வருகிறது. காது சுட்டது. அதை நான் கற்பனையாக எழுதவில்லை, கைவைத்துப் பார்த்தேன், சுட்டது.

பிறகு ஒவ்வொரு ஞாயிறாகத் திரும்பி வந்தது. காஷ்பர் மனைவி நான் தாள்களை எடுத்ததும் எழுந்து பாத்திரம் கழுவப் போவாள். சுறுசுறுப்பான பெண் என்று நினைத்தேன். யோசோவின் மாமியாரை எழுப்பியது ஞாபகம் இருக்கிறது. அவள் கேட்டாளென்று நினைத்துத்தான் முடிவைச் சொன்னேன். லியூபோ தலையாட்டிக்கொண்டே கேட்பான். நான் தாளைப் புரட்டும்போது மட்டும் தலையாட்டுவது நிற்கும். எத்தனை தாள் மிச்சம் என்று எண்ணியிருக்கிறான்.

இதையெல்லாம்விடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் தப்பிக்க மூன்று பத்தி சுற்றினேன். நெவெங்காவிடம் நான் போனில் பீற்றிக்கொள்வேன். “ஞாயித்துக்கெழம வந்தா ஒரே தொல்லை. இவன் கூப்பிடறான், அவன் கூப்பிடறான், எங்க போறதுன்னே தெரியல. என்னை விடமாட்டேங்கறானுங்க.” அவள் அந்தப் பக்கம் “நல்லது, தின்கோ” என்பாள். அவளுக்கு லியூபோவின் மனைவி தோன்கா இன்னும் சிநேகிதி. அவளுக்குத் தெரிந்திருக்கும். முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கும்.

அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்வரை நான் கேபினை விட்டு வெளியே வரவில்லை. பிறகு எதிர்த்திசையில் நடந்து, தேவையில்லாமல் ஒரு படிக்கட்டு ஏறி இறங்கி, மேல்தளத்துக்கு வந்தேன். லியூபோ கம்பியில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

“எங்கடா போனே? அளந்தியா?”

“நாப்பத்தேழு.”

அவன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். நிஜமாகவே தரையிலிருந்து தூக்கினான். “மச்சான்! நாப்பத்தேழா! இந்த முழங்கால் போனதுக்கு அர்த்தம் இருக்குடா!” என்று கத்தினான். இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: “ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. தோன்கா மீன் குழம்பு வைக்கறா. நீ எப்ப வருவேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா.”

நான் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. நாக்கு தானாகவே அதைச் சொல்லிவிட்டது. “பாக்கறேன் மச்சான். யோசோ வேற கூப்பிட்டாலும் கூப்பிடுவான்.”

லியூபோவின் முகத்தில் ஒரு சின்ன அசைவு. “அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றான். அவ்வளவு அன்பாகச் சொன்னான். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

7

[இங்கே கதையை முடித்துவிடலாம் என்று ஒரு யோசனை. முடித்தால் நல்ல வடிவமாக இருக்கும். ஆனால் அந்தச் சுவர் ஓட்டையாகவே நிற்கும்.]

நான் கேட்டது என் தொழிலில் ஒரு கோளாறு. கேபின்களுக்கு நடுவிலுள்ள தடுப்பு, கூரைப் பலகையோடு நின்றுவிடுகிறது. பலகைக்கு மேலே கேபிள் போகிற சந்து திறந்து கிடக்கிறது. பழைய கப்பல்களில் இன்ஜின் இரைச்சல் எல்லாவற்றையும் அமுக்கிவிடும், யாரும் இதைக் கவனித்ததில்லை. நாங்கள் இரைச்சலைக் குறைத்ததும் அதன் அடியில் ஒளிந்திருந்த பேச்சு எழுந்து நின்றுகொண்டது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். தரையை மட்டுமே பார்த்து, தரையிலேயே தவழ்ந்து, தலைக்கு மேலே பார்க்காமல் விட்டேன்.

அந்தக் கேபின்களில் ஆட்கள் வருஷக்கணக்கில் வாழப்போகிறார்கள். ஒருவன் வீட்டுக்குப் போன் பேசுவான், ஒருவன் அழுவான், இன்னொருவன் பக்கத்துக் கேபின்காரனைப் பற்றிப் பேசுவான். அடுத்த வாரம் கப்பலை ஒப்படைக்க வேண்டும். கூரைக்கு மேலுள்ள சந்துகளை அடைக்கச் சொல்ல வேண்டும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லாமல் திரிந்தேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள முன்பின் தெரியாத மாலுமிகளின் தூக்கத்தை விற்கப் பார்த்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை லியூபோவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல பேச்சு கேக்குது. கூரைக்கு மேல சந்து இருக்கு. எல்லாக் கேபின்லயும் அடைக்கணும்.”

“பேச்சா?” அவன் சிகரெட்டைப் பற்றவைக்கப் போனவன் வைக்கவில்லை. “எப்பக் கேட்டே?”

“ஓட்டத்துல.”

“என்ன கேட்டே?”

இந்த இடத்தில் மார்த்தா இருந்திருக்க வேண்டும். அவள் சொல்லியிருப்பாள்.

“உன் குறட்டைய” என்றேன்.

லியூபோ சிரித்தான். அளவுக்கு மேலேயே சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவன் என்னைப் பார்த்தான். “குறட்ட மட்டும்தானா?”

“ஏன், அது பத்தாதா?”

அவன் கப்பலுக்குள் போனான். குழுவில் யாரையும் கூப்பிடவில்லை. தானே ஏணி போட்டு ஏறி, கூரைப் பலகையைக் கழற்றி, சந்துக்குள் கண்ணாடி இழைப் பஞ்சை வைத்து அமுக்க ஆரம்பித்தான். அந்தப் பஞ்சு வெறுங்கையில் பட்டால் ஒரு வாரம் அரிக்கும். கையுறை போடாமல் செய்தான். எனக்குத் தெரிந்துவிட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் சந்தேகப்படுகிறானா என்று எனக்கும் தெரியவில்லை. ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

8

ஞாயிறு எப்படிப் போக வேண்டும் என்று சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நான் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். எழுதி முடிப்பதற்குள் தோன்கா ஒரு பாத்திரத்தில் சூப்பை ஊற்றித் துணி சுற்றி அனுப்பிவிட்டாள். நானே எழுதுகிற கதையிலும் எனக்குச் சோறு கொடுத்தனுப்புகிறார்கள்! கிழித்தேன்.

இன்னொன்றில் நானே சமைத்து மூன்று குடும்பங்களையும் என் வீட்டுக்கு அழைத்தேன். எல்லாரும் கண்கலங்கினார்கள். படித்துப் பார்த்தபோது எனக்கே கூசியது. எனக்கு மீன் சுத்தம் செய்யத் தெரியாது. வீட்டில் நாற்காலி இரண்டுதான்.

மேசையில் எழுந்து நின்று “எனக்கு எல்லாம் தெரியும்” என்று சொல்கிற முடிவையும் தொடங்கினேன். “எனக்கு எல்லாம்” வரை எழுதியிருக்கிறேன்.

கடைசியில் சாதாரணமாகப் போனேன். ஒரு தீர்மானத்தோடு போனேன். இனி யார் வீட்டிலும் கதை வாசிப்பதில்லை. சாப்பிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். ஆனால் இதுவரைக்கும் எழுதிய தாள்கள், அதாவது நீங்கள் இதுவரை படித்தது, கோட்டின் உள்பையில்தான் இருந்தன. எழுதியதை மேசைமேல் விட்டுவிட்டு வர எனக்குத் தைரியமில்லை. தனியாக இருக்கிற வீட்டில் யார் எடுத்துப் படிப்பார்கள் என்று கேட்காதீர்கள்.

9

மீன் குழம்பு, சோளக் களி, தண்ணீர் கலந்த சிவப்பு ஒயின். வெளியே, ‘பூரா’ என்று நாங்கள் சொல்கிற குளிர்ந்த வடகாற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டிருந்தது. மேசையில் நாங்கள் மூன்று பேர்தான்.

“இன்னிக்கு என்ன கதை கொண்டாந்திருக்கீங்க, தின்கோ?” என்றாள் தோன்கா, கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டே.

“ஒண்ணும் இல்ல, தோன்கா. இனிமே எழுதறதா இல்ல.”

அவள் முகம் மலர்ந்ததை அவளால் மறைக்க முடியவில்லை. என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள், பெரிய துண்டு. “நல்லா சாப்பிடுங்க” என்றாள். லியூபோ அவளையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். அவன் விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது. மேசைக்கு அடியில் சொறிந்துகொண்டான்.

பிறகு பேச ஒன்றுமில்லை. இத்தனை ஞாயிறும் இந்த நேரத்தில் நான் தாள்களை எடுத்திருப்பேன். இப்போது முள் எடுக்கிற சத்தமும் மெல்லுகிற சத்தமும் மட்டும்தான்.

“உப்ப எடுங்க” என்றாள் தோன்கா.

“உன் பக்கத்துலதான இருக்கு.”

“கை நெறைய களி. கண்ணு தெரியலியா?”

“தெரிஞ்சா உங்கூட ஏன்டீ உக்காந்திருக்கேன்?”

“உக்காரத்தான தெரியும் உங்களுக்கு. பையன் போன் பண்ணி எத்தன வாரம் ஆச்சு? அயர்லாந்துல என்ன செய்யறான், சாப்பிட்டானா, ஒண்ணும் தெரியாது. அன்னிக்கி நீங்க அந்த வார்த்த சொல்லாம இருந்திருந்தா,”

“விருந்தாளி முன்னாடி ஆரம்பிக்காத, தோன்கா.”

“விருந்தாளியா? மூணு வருஷமா முறை போட்டு வர்றவரு விருந்தாளியா?”

சொன்ன பிறகுதான் அவளுக்குக் கேட்டது. களி ஒட்டிய கையால் அப்படியே வாயைப் பொத்தினாள். லியூபோ தட்டைப் பார்த்துக் குனிந்தான். அவன் பிடரி சிவந்து, சிவப்பு காது வரைக்கும் ஏறியது. அவர்கள் பையனைப் பற்றி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்து நான் பேசியிருக்கிறேன், படித்திருக்கிறேன். அவர்களுடையது ஒன்றும் என் காதில் விழவில்லை. என் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது மூன்று பேரும் வெட்கத்தில் உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“மச்சான்” என்றான் லியூபோ கடைசியில். தலை நிமிரவில்லை. “ஏதாவது படிடா.”

“கொண்டு வரலை.”

“உன் கோட்டுப் பையில தாள் துருத்திக்கிட்டு நிக்குது.”

“இது வேண்டாம், லியூபோ.”

“படிங்க, தின்கோ” என்றாள் தோன்கா. கண் நிறைந்திருந்தது. “இன்னிக்கு நெஜமாவே கேக்கறேன். எழுந்து போகமாட்டேன். எவ்வளவு நீளமா இருந்தாலும் படிங்க.”

10

அதற்குப் பிறகு என்ன என்று நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.

படித்தால், ஐந்தாம் கேபினில் நான் இருந்தது அவர்களுக்குத் தெரிந்துவிடும். “தோன்கா கத்துவா, கத்தட்டும்” என்று புருஷன் சொன்னது தோன்காவுக்குத் தெரிந்துவிடும். நான் சொன்ன குறட்டைப் பொய் லியூபோவுக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறு எனக்கு மேசை கிடையாது, அல்லது முறை போடாமல் கூப்பிடுகிற ஒரு மேசை கிடைக்கும். எது என்று அவர்கள் வாயைத் திறக்கும்வரை தெரியாது. படிக்காவிட்டால், தாளைத் தள்ளிவிட்டு “பையன் அயர்லாந்துல எந்த ஊர்ல இருக்கான்?” என்று கேட்கலாம். அதுவும் நல்ல கேள்விதான். ஆனால் தெரிந்ததைத் தெரியாதவனாக இன்னும் எத்தனை ஞாயிறு அவர்கள் சோற்றைத் தின்பேன்?

தோன்கா அழுக்குத் தட்டுகளை ஓரமாகத் தள்ளி எனக்கு இடம் செய்துவிட்டாள். லியூபோ சொறிவதை நிறுத்திவிட்டான். எனக்குக் குரல் வரவில்லை. நீங்கள் கொஞ்சம் என் நாற்காலியில் உட்காருங்கள், நான் ஜன்னலோரம் போய் நிற்கிறேன். தாள்கள் உங்கள் கையில்தானே இருக்கின்றன. அவர்கள் இரண்டு பேரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.